பக்கத்து இருக்கை



ஆறு வார விடுப்பு முடிந்து கடந்த ஞாயிறன்று மீண்டும் உங்கள் நடுவே நின்றேன். ஆராதனைக்குப் பின் வாசலில் கைகுலுக்கிய பெரியவர் ஒருவர், "ஐயா, அமெரிக்காவில் எத்தனை சபைகளில் செய்தி கொடுத்தீர்கள்?" என்று ஆவலோடு கேட்டார். "ஒன்றிலும் இல்லை" என்றேன். "பின்னே?" என்றார். "மகள் வீட்டில் பேரனைக் கொஞ்சினோம். அதன்பின் நானும் ஐயரம்மாவும் நான்கு நாள் காரில் சிற்றூர்களையும் காடுகளையும் சுற்றிப் பார்த்தோம்" என்றேன். "நல்லது ஐயா" என்று சொல்லி அவர் நகர்ந்துவிட்டார். குறையாக ஒரு வார்த்தையும் அவர் சொல்லவில்லை. ஆயினும் அந்த "நல்லது" ஒரு வாரமாக என் செவிகளில் ஒலித்துக்கொண்டிருக்கிறது. இந்த வாரத் தியானம் அவருக்கு நான் சொல்லவேண்டிய பதில்.

அந்த நான்கு நாட்களை நான் வீணாக்கவில்லை என்பது என் துணிபு. நம் குடும்பங்களில் கணவனும் மனைவியும் எல்லாருக்காகவும் நேரம் ஒதுக்குகிறோம், ஒருவருக்கொருவர் ஒதுக்குவதில்லை. அப்படி ஒதுக்குவதை ஏதோ சுகபோகம் என்றும், வயதானவர்களுக்கு ஒவ்வாத கூத்து என்றும் எண்ணிக்கொள்கிறோம். அந்த எண்ணம் தவறு என்பதை நான் என் சொந்தக் குற்றத்தின் வழியாகவே கற்றுக்கொண்டேன். ஆகையால் பிறருக்குப் போதிப்பவனாக அன்றி, அறிக்கை செய்கிறவனாகவே இதை எழுதுகிறேன்.

எங்களுக்குத் திருமணமாகி இருபத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. இந்த இருபத்தொன்பது ஆண்டுகளில் என் மனைவி எனக்குப் பக்கத்தில் அமர்ந்த நேரங்களைக் கூட்டிப் பார்த்தால் எவ்வளவு வரும்? ஆலயத்தில் நான் பீடத்தருகே இருப்பேன். அவள் பெண்கள் பகுதியில் மூன்றாம் வரிசையில் இருப்பாள். மோட்டார் சைக்கிளில் அவள் எனக்குப் பின்னால். சேகரத்து ஜீப்பில் நான் முன்னிருக்கையில். அவள் பின்னே, அசனத்துக்கு வாங்கிய காய்கறி மூட்டைகளோடு. கல்யாண வீட்டுப் பந்தியில் நான் பெரியவர்களோடு. அவள் அடுக்களைப் பக்கம். தெருவில் நடந்தாலும் நான் பத்தடி முன்னால் போவேன். நம் ஊர் ஆண்கள் பெரும்பாலும் அப்படித்தானே நடக்கிறோம்? திருமண நாளன்று ஆலயத்தில் என் இடப்பக்கம் நின்றவள், அதன்பின் எப்போதும் எனக்குப் பின்னாலோ எதிரிலோ இருந்தாளே தவிர, பக்கத்தில் இருந்ததில்லை. இது எனக்கு ஒரு குறையாகத் தோன்றியதும் இல்லை.

மினியாபொலிஸ் நகரில் வாழும் எங்கள் மகள், இரண்டு ஆண்டுகளுக்கு முன் தலைப்பிரசவத்துக்குத் தாயை மட்டும் அழைத்துக்கொண்டாள். சபைப் பணியை விட்டுவர இயலாது என்று நான் சொன்னதால் அவள் தனியே சென்று ஐந்து மாதம் இருந்து வந்தாள். இந்தக் கோடையில் நாங்கள் இருவருமாகச் சென்றோம். மருமகனுக்கு மலைகளிலும் காடுகளிலும் சுற்றும் ஈடுபாடு உண்டு. அவர்தான், "மாமா, பெரிய நகரங்களைப் பார்த்து என்ன ஆகப்போகிறது? நீங்களும் அத்தையும் மட்டும் வடக்கே போய்வாருங்கள். விரைவுச்சாலை வேண்டாம், பழைய சாலைகளில் போங்கள்" என்று வாடகைக் காருக்கும் காட்டில் தங்குவதற்கும் ஏற்பாடு செய்துவிட்டார். நான் மறுத்துப் பார்த்தேன். மகள், "அப்பா, அம்மாவுக்காக" என்றாள். அந்த ஒரு சொல்லுக்கு மேல் பேச என்னிடம் ஒன்றும் இல்லை.

அந்நாட்டின் விரைவுச்சாலைகள் ஊர்களைத் தொடாமல் விலகி ஓடுகின்றன. பழைய நெடுஞ்சாலைகளோ ஒவ்வோர் ஊரின் நடுத்தெரு வழியாகவும் செல்கின்றன. தானியக் களஞ்சியத்தின் உயர்ந்த கோபுரம், ஊர்ப்பெயர் எழுதிய தண்ணீர்த் தொட்டி, ஆலயத்தின் கூர்கோபுரம்: இந்த மூன்றும் தொலைவில் தெரிந்தால் ஊர் வருகிறது என்று பொருள். ஊர் எல்லையில் உள்ள பச்சைப் பலகையில் பெயரோடு மக்கள்தொகையையும் எழுதி வைத்திருக்கிறார்கள். சில ஊர்களில் நம் சேகரத்துக் குடும்பங்களின் எண்ணிக்கைகூட இல்லை. ஆனாலும் அந்தச் சில நூறு பேரையும் எண்ணி எழுதி வாசலில் வைத்திருப்பது என் மனத்துக்கு இதமாக இருந்தது. மந்தையை எண்ணிப் பார்ப்பது எங்கள் தொழில் அல்லவா?

அங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் செல்லும். ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம் இருக்கும். முதல் ஒரு மணி நேரம் நான் மனைவியிடம் ஏதாவது சொல்ல இடப்பக்கம் திரும்புவேன்; அங்கே கண்ணாடிதான் இருக்கும். "இந்தப் பக்கம் இருக்கிறேன்" என்று வலப்பக்கத்திலிருந்து குரல் வரும். மூன்றாம் முறை அவள், "இருபத்தொன்பது வருடமாக எந்தப் பக்கம் இருக்கிறேன் என்று தெரியவில்லை உங்களுக்கு" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்தேன். எனினும் அந்தச் சொல் என்னோடுகூடப் பயணம் செய்தது.

நாங்கள் முதலில் இறங்கிய ஊர் லிட்டில் ஃபால்ஸ். மினியாபொலிஸிலிருந்து ஏறத்தாழ 160 கிலோமீட்டர் வடக்கே, மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள சிறிய ஊர். அட்லாண்டிக் பெருங்கடலை 1927 இல் இடைநில்லாமல் தன்னந்தனியே விமானத்தில் கடந்த சார்லஸ் லிண்ட்பெர்க் சிறுவனாக வளர்ந்த வீடு அங்கே இருக்கிறது. பக்கத்தில் ஒரு மாநிலப் பூங்கா. அதற்கு மகனின் பெயரன்று, நாடாளுமன்ற உறுப்பினராயிருந்த தந்தையின் பெயரே சூட்டப்பட்டிருக்கிறது. நியூயார்க்கிலிருந்து பாரிசுக்கு முப்பத்துமூன்றரை மணி நேரம் உறங்காமல் ஒற்றை ஆளாகப் பறந்தவர் அவர். 1929 இல் ஆன் மாரோவை மணந்தார். 1931 இல் கணவனும் மனைவியும் ஒரே விமானத்தில் வடதுருவத்தை ஒட்டிய வழியாக ஜப்பானுக்கும் சீனாவுக்கும் பறந்தார்கள். அந்த அம்மையார் வானொலிக் கருவியை இயக்கக் கற்றுக்கொண்டு கணவருக்குத் துணையாகச் சென்றார். அந்தப் பயணத்தைப் பற்றிப் புத்தகமும் எழுதினார்.

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. லிண்ட்பெர்க் 1974 இல் மறைந்தார். ஜெர்மனியில் அவருக்கு மறைவாக வேறு பிள்ளைகள் இருந்தார்கள் என்பது 2003 இல் மரபணுச் சோதனையால் உறுதியாயிற்று. ஒரே விமானத்தில் கடல்களையும் கண்டங்களையும் சேர்ந்து கடந்த தம்பதிகளுக்குள் இவ்வளவு பெரிய மறைவு. பக்கத்தில் அமர்வதால் மட்டும் இருவர் ஒன்றாகிவிடுவதில்லை. உள்ளதைச் சொல்லவும் கேட்கவும் வேண்டும். ஆற்றைப் பார்த்தபடி இதை நான் சொன்னபோது என் மனைவி, "நமக்குள் மறைவு ஒன்றும் இல்லை. பேச நேரம்தான் இல்லை" என்றாள். மறைவுக்கும் நேரமின்மைக்கும் நெடுந்தொலைவு உண்டு என்று அப்போது நான் ஆறுதல் கொண்டேன். மூன்றாம் நாளில் அந்த ஆறுதல் கலைந்தது.

அங்கிருந்து வடீனா என்னும் ஊர் வரை சென்று வடக்கே திரும்பினால் மெனாகா என்றொரு சிற்றூர். பின்லாந்திலிருந்து குடியேறியவர்களின் சந்ததியார் நிறைந்த ஊர். சாலையோரத்தில் புனித உர்ஹோ என்பவருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். கையில் பெரிய வெட்டுக்கிளி. பின்லாந்தின் திராட்சைத் தோட்டங்களிலிருந்து வெட்டுக்கிளிகளை விரட்டியவராம். இறையியல் கல்லூரியில் திருச்சபை வரலாறு படித்த எனக்கு அப்படி ஒரு புனிதர் நினைவுக்கு வரவில்லை. எப்படி வருவார்? 1950களில் மினசோட்டாவில் வேடிக்கையாகப் புனைந்த புனிதர் அவர்! அயர்லாந்துக்காரர்கள் மார்ச் 17 அன்று தங்கள் புனித பேட்ரிக்கைக் கொண்டாடுகிறார்கள் என்பதற்காக, ஒரு நாள் முந்திக்கொண்டு மார்ச் 16 ஐத் தங்கள் புனிதருக்கு வைத்துக்கொண்டார்கள். இதை விளக்கப் பலகையில் படித்துச் சொன்னபோது என் மனைவி வாய்விட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். ஐயரம்மா அப்படிச் சிரிக்கலாகாது என்ற கட்டுப்பாடு குருமனையில் எழுதப்படாமல் இருந்திருக்கிறது என்று அன்றுதான் எனக்குத் தோன்றிற்று. அவளுடைய அந்தச் சிரிப்பை எத்தனை ஆண்டுகளுக்குப் பின் கேட்கிறேன் என்று எண்ணிப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

அன்று மாலை பார்க் ராபிட்ஸ் என்னும் ஊரில் சிறிய உணவகம் ஒன்றில் சூப் அருந்தினோம். அது மனோமின் என்று ஓஜிப்வே மக்கள் அழைக்கும் நீர்ப்புல்லின் அரிசியால் ஆனது. கறுத்து நீண்ட மணிகள். அந்த ஏரிகளில் அது தானாகவே விளைகிறது. கோடை முடியும்போது அதை அறுவடை செய்ய ஒரு சிறு படகில் இருவர் போகவேண்டுமாம். ஒருவர் நின்று நீண்ட கழியால் படகைத் தள்ள, மற்றவர் அமர்ந்து இரண்டு குச்சிகளால் கதிரை வளைத்துத் தட்டுவார். மணிகள் படகுக்குள் உதிரும். ஒருவர் மட்டும் போனால் படகு நகரும், அரிசி கிடைக்காது. அல்லது அமர்ந்திருக்கலாம், படகு நகராது. "நீங்கள் படகைத் தள்ளிக்கொண்டே போய்விட்டீர்கள்" என்றாள் என் மனைவி. என்ன பொருள் என்று கேட்டேன். "சூப் ஆறுகிறது" என்றாள்.

மறுநாள் காலை இடாஸ்கா மாநிலப் பூங்காவை அடைந்தோம். அமெரிக்காவில் நடுவண் அரசு காக்கும் தேசியப் பூங்காக்கள் உலகறிந்தவை. மாநிலப் பூங்காக்கள் அவ்வளவு புகழ் பெறாதவை. அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடாரமும் மீன்தூண்டிலும் எடுத்துக்கொண்டு வரும் இடங்கள். வண்டிக்கு நாள்கட்டணம் உண்டு. மினசோட்டாவின் மாநிலப் பூங்காக்களில் இடாஸ்காவே மூத்தது. 1891 இல் அமைந்தது. அதற்கான சட்டம் சட்டமன்றத்தில் ஒரே ஒரு வாக்கு மிகுதியால் நிறைவேறிற்று. அந்த ஒருவர் அன்று சபைக்கு வராதிருந்தால் என்னவாகியிருக்கும்? அந்நாளில் மினசோட்டாவின் பைன் காடுகளை மரநிறுவனங்கள் வெட்டி ஆற்றில் மிதக்கவிட்டு விற்றுக்கொண்டிருந்தன. சட்டம் வந்த பிறகும் போராட்டம் ஓயவில்லை. 1903 இல் பூங்காவின் பொறுப்பாளராயிருந்த தந்தை இறந்தபின் அந்தப் பொறுப்பை ஏற்ற மேரி கிப்ஸ் என்ற பெண்ணுக்கு அப்போது வயது 24. மரக்கட்டைகளை மிதக்கவிட அணைகட்டி நீரைத் தேக்கியதால் ஏரிக்கரை மரங்கள் மூழ்கின. மதகைத் திறக்கச் சொல்லி, துப்பாக்கி ஏந்திய ஆட்களுக்கு எதிரே அவர் நின்றார். ஆற்றின் தலைப்பகுதியில் உள்ள பார்வையாளர் மையத்துக்கு இன்று அவர் பெயரே வைத்திருக்கிறார்கள்.

மிசிசிப்பி என்னும் பேராறு அந்த ஏரியில்தான் பிறக்கிறது. வரிசையாகக் கிடக்கும் கற்களின்மேல் கால் வைத்து ஆற்றை ஒரு நிமிடத்தில் கடந்துவிடலாம். முழங்காலளவு தண்ணீர், நம் ஊர் வாய்க்கால் அகலம். கடல்மட்டத்திலிருந்து 1475 அடி உயரத்தில் தொடங்கி 2552 மைல் ஓடி மெக்சிகோ வளைகுடாவில் கலக்கிறது என்று அங்கே ஒரு மரத்தூணில் பொறித்திருக்கிறார்கள். அங்கே புறப்படும் ஒரு துளி கடலைச் சேர ஏறத்தாழ 90 நாள் ஆகுமாம். கற்கள்மேல் இருவர் சேர்ந்து நடக்க இயலாது. "நீ முன்னே போ" என்றேன். அவள் சேலையைச் சற்றே உயர்த்திக்கொண்டு முன்னே நடந்தாள். நான் பின்னே நடந்தேன். நடுவில் நின்று திரும்பிப் பார்த்து, "வருகிறீர்களா?" என்று கேட்டாள். முன்னே நடக்கிறவர் பின்னே வருகிறவரைத் திரும்பிப் பார்க்கவேண்டும் என்பதை அவள் அறிந்திருந்தாள். நான் ஒரு நாளாவது அப்படித் திரும்பிப் பார்த்தேனா என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

அந்த ஏரியின் பெயரில் ஒரு போதகரின் கைவண்ணம் இருக்கிறது. 1832 இல் ஹென்றி ஸ்கூல்கிராஃப்ட் என்பவர் ஆற்றின் மூலத்தைத் தேடி வந்தார். அவரோடு வந்த வில்லியம் பவுட்வெல் என்ற ஊழியரிடம், "மெய்யான தலை" என்பதற்கு லத்தீனில் என்ன என்று கேட்டார். அவர் "வெரிடாஸ்", "காபுட்" என்ற இரு சொற்களைக் கொடுத்தார். முதற்சொல்லின் முன்பகுதியையும் இரண்டாம் சொல்லின் பின்பகுதியையும் தள்ளிவிட்டு நடுவில் எஞ்சியதைச் சேர்த்து "இடாஸ்கா" என்று பெயரிட்டார்கள். மூலத்தைக் கண்டுபிடித்தவர் என்ற புகழ் ஸ்கூல்கிராஃப்டுக்கு. ஆனால் அவரை அங்கே அழைத்துச் சென்றவர் ஓசாவிண்டிப் என்ற ஓஜிப்வே மனிதர். அவருடைய மக்களுக்கு அந்த ஏரி நெடுங்காலமாகத் தெரியும். அவர்கள் மொழியில் அதற்குப் பெயரும் இருந்தது. ஏற்கெனவே பெயர் உள்ள ஒன்றுக்கு, கேளாமலேயே புதுப்பெயர் சூட்டிவிட்டு, கண்டுபிடித்தோம் என்கிறோம். என் மனைவியை நான் எத்தனை ஆண்டுகளாகப் பெயர் சொல்லி அழைக்கவில்லை! சபைக்கு அவள் ஐயரம்மா, பிள்ளைகளுக்கு அம்மா, எனக்கு "இங்கே பார்".

அந்தப் பூங்காவில் "போதகர்கள் தோப்பு" என்றே ஓரிடம் உண்டு. முன்னொரு காலத்தில் போதகர்களின் கூட்டமொன்று அங்கே பாளயமிறங்கியதால் வந்த பெயராம். இருநூற்றைம்பது ஆண்டுகளைத் தாண்டிய செம்பைன் மரங்கள், நேர் தூண்களாக, ஏரிக்கரைச் சரிவில் நிற்கின்றன. கோடையில் அங்கே இரவு ஒன்பது மணிக்குப் பின்னும் வெளிச்சம் இருக்கிறது. மூன்றாம் நாள் மாலை, கொசுக்கள் எங்களைக் கண்டுபிடிக்கும் முன், ஒரு பலகையில் அமர்ந்தோம், பக்கத்தில் பக்கத்தில். ஏரியில் லூன் என்னும் நீர்ப்பறவை இரண்டு, ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டிருந்தன.

நெடுநேரம் பேசாதிருந்தபின் அவள் சொன்னாள்: "இந்த மரங்களை யாரோ வெட்டாமல் விட்டு வைத்திருக்கிறார்கள். நான் ஏழு குருமனைகளில் மாங்கன்று நட்டேன். ஒன்றிலும் காய் பறிக்கவில்லை."

நீங்கள் அறிவீர்கள். போதகரை நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை சேகரம் மாற்றுவார்கள். கன்று மரமாகிப் பூக்கும் பருவத்தில் நாங்கள் பெட்டி கட்டுவோம். அவள் போகும் இடமெல்லாம் கன்று நடுவது எனக்குத் தெரியும். தெரிந்தது மட்டுமல்ல; அதை நான் பிரசங்கமாக்கியிருக்கிறேன். பலனை எதிர்பாராமல் பிறருக்காக நடுகிற அன்புக்கு உதாரணமாக அதை இரண்டு சேகரங்களிலாவது சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் பாராட்டினார்கள். இந்தச் சபையிலும் சிலருக்கு நினைவிருக்கலாம்.

அவள் தொடர்ந்தாள்: "நீங்கள் அதைப் பிரசங்கத்தில் சொன்னீர்கள். என்னிடம் கேட்கவில்லை. நான் பிறருக்காக நடவில்லை. இந்த ஊரிலாவது இருந்துவிடுவோம் என்று நினைத்து நட்டேன். ஒவ்வொரு ஊரிலும் அப்படித்தான் நினைத்தேன்."

அன்பானவர்களே, அந்த இடத்தில் நான் சொல்லத்தக்க வார்த்தை ஒன்றும் இருக்கவில்லை. அவளுடைய ஏக்கத்தை எடுத்து, அவள் முன்னிலையிலேயே, அவளுக்குத் தெரியாத ஓர் அர்த்தத்தைச் சூட்டி, ஆயிரம் பேருக்குப் பரிமாறியிருக்கிறேன். மூன்றாம் வரிசையில் அமர்ந்து அவள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். துக்க வீடுகளில் மணிக்கணக்கில் செவிகொடுத்த எனக்கு, என் வீட்டில் செவி இல்லாமற்போயிற்று. "மன்னித்துக்கொள்" என்றேன், பெயரைச் சொல்லி அழைத்து, மன்னித்துக்கொள் என்றேன். "எழுந்திருங்கள், கொசு கடிக்கிறது" என்றாள். ஆனால் திரும்பி நடந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நான்காம் நாள் பெமிட்ஜி என்னும் ஊர் வழியாகத் திரும்பினோம். ஏரிக்கரையில் பால் பன்யன் என்ற கட்டுக்கதை மரவெட்டியின் பதினெட்டு அடி உயரச் சிலை, அவனுடைய நீல எருதோடு நிற்கிறது. 1937 இல் நிறுவியது. காடுகளை வீழ்த்தியவனுக்கு ஊர்நடுவே சிலை. காத்த பெண்ணின் பெயரோ காட்டுக்குள்ளே. உலக வழக்கு அப்படித்தான் போலும். மிசிசிப்பியும் அந்த ஊர் வழியாக ஓடுகிறது. தெற்கே கடலுக்குப் போகவேண்டிய ஆறு, பிறந்தவுடன் வடக்கு நோக்கிப் புறப்பட்டு, இந்த ஊரை எட்டி, கிழக்கே திரும்பி, அதன் பின்பே தெற்கே சாய்கிறது. எங்கள் இருபத்தொன்பது ஆண்டுகளை எண்ணிக்கொண்டேன். திரும்புவதற்கு இன்னும் இடம் இருக்கிறது என்று ஆறுதல் அடைந்தேன்.

இனி என் வாதத்துக்கு வருகிறேன். இடாஸ்காவின் முதுமரங்கள் இன்று நிற்கக் காரணம், 1891 இல் ஒரு நிலத்தைச் சுற்றி எல்லை கிழித்து, "இது விற்பனைக்கு அல்ல" என்று சிலர் சொன்னதே. பரிசுத்தம் என்று நாம் மொழிபெயர்க்கும் எபிரெயச் சொல்லில் "வேறுபிரித்து வைக்கப்பட்டது" என்ற பொருள் அடங்கியிருக்கிறது என்று கல்லூரியில் கற்றேன். மாணவர்களுக்குக் கற்பித்தும் இருக்கிறேன். ஓய்வுநாளைப் பிரித்து வைக்கிறோம், தசமபாகத்தைப் பிரித்து வைக்கிறோம். திருமணத்தைப் பரிசுத்தமானது என்று அறிக்கையிடுகிற நாம் அதற்கென எதைப் பிரித்து வைத்தோம்? பிரித்து வைக்காத காட்டை வெட்டித் தீர்க்க ஆள் வந்துகொண்டே இருப்பார்கள். அவர்கள் தீயவர்களும் அல்லர். பிள்ளைகளின் படிப்பு, வீட்டுக் கடன், பேரப்பிள்ளைகள், சபைக் கமிட்டி, எல்லாம் நியாயமான தேவைகளே. அந்த நியாயமான கோடரிகளால்தான் பெரும்பாலான குடும்பங்களில் மரம் சாய்கிறது.

"ஐயா, அமெரிக்கா போக எல்லாராலும் இயலுமா?" என்று கேட்பீர்கள். இயலாது, தேவையும் இல்லை. எங்கள் பயணமும் பிள்ளைகளின் தயவால் நடந்தது. எங்களுக்கு நன்மை செய்தது அந்த நாடன்று. நான்கு நாள் ஒரே திசையைப் பார்த்து அமர்ந்திருந்தது. எதிரெதிரே அமர்ந்தால் கணக்குக் கேட்பதுபோல் ஆகிவிடுகிற பேச்சு, பக்கத்தில் அமர்ந்து சாலையைப் பார்க்கும்போது தானாக வருகிறது. இடையில் மௌனம் வந்தாலும் அது உறுத்துவதில்லை. நகரப் பேருந்தில் இருவர் இருக்கையும் அதற்குப் போதும். இன்னொன்றும் சொல்வீர்கள்: "எருசலேம் யாத்திரை என்றால் பலன் உண்டு." யாத்திரை போகிறவர்களை நான் தடுப்பதில்லை. ஆனால் நாற்பது பேர் கூட்டத்தோடு போய், புகைப்படத்துக்கு மட்டும் மனைவியைப் பக்கத்தில் நிறுத்தித் திரும்பிய தம்பதிகளையும் நான் அறிவேன்.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. வெளிநாட்டில் வாழும் நம் சபை மக்களும் இதை வாசிக்கிறீர்கள். பேறுகாலத்துக்கும் குழந்தை வளர்ப்புக்கும் தாயை மட்டும் ஆறு மாதம் அழைத்துக்கொள்கிறீர்கள். தகப்பனார் இங்கே தனியே கஞ்சி காய்ச்சிக் குடிக்கிறார். ஒரு பிள்ளை வீட்டில் தாயும் மற்றொரு பிள்ளை வீட்டில் தகப்பனுமாக முதுமையில் பிரிந்து வாழ்பவர்களையும் நான் சந்திக்கிறேன். இளமையில் வேலை பிரித்தது. முதுமையில் பாசம் பிரிக்கிறது. கூடுமானவரை இருவரையும் சேர்த்து அழையுங்கள். அழைத்தால், நான்கு நாளாவது அவர்களைக் குழந்தையிடமிருந்தும் சமையலறையிலிருந்தும் விடுவித்து, அவர்களை மட்டும் எங்காவது அனுப்பிவையுங்கள். என் மருமகன் செய்தது இதுதான். அதற்காக அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

சபைக்கும் ஒரு விண்ணப்பம். ஆண்கள் பகுதி, பெண்கள் பகுதி என்று பிரிந்து அமர்வது நம் முன்னோரின் வழக்கம். அதை ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. ஆண்டுக்கு ஒரு ஞாயிறாவது குடும்பம் குடும்பமாக அமர்ந்து ஆராதிக்கலாமா என்று சேகரக் கமிட்டி யோசிக்கவேண்டும். அன்று வேறொரு குருவானவரைச் செய்திக்கு அழைத்தால், நானும் மூன்றாம் வரிசையில் ஓரிடம் தேடிக்கொள்வேன்.

எம்மாவுக்கு நடந்துபோன இருவரை நினைத்துப் பாருங்கள். ஒருவர் பெயர் கிலெயோப்பா. மற்றவர் பெயரை லூக்கா எழுதவில்லை. அது அவருடைய மனைவியாக இருக்கலாம் என்று வேத ஆராய்ச்சியாளர் சிலர் கருதுகிறார்கள். அப்படியே இருந்தால், உயிர்த்தெழுந்த ஆண்டவர் அந்த மாலையில் வந்து சேர்ந்துகொண்டது, தங்கள் துக்கத்தை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு நடந்த ஒரு தம்பதியரோடுதான். அவர்களில் ஒருவர் பத்தடி முன்னால் போயிருந்தால், நடுவே வந்த மூன்றாமவர் யாரோடு பேசியிருப்பார்?

இந்தத் தியானத்தை எழுதி முடித்ததும் முதலில் என் மனைவியிடம் கொடுத்தேன். மாங்கன்றுகளைப் பற்றி எழுதலாமா என்று இம்முறை கேட்டேன். வாசித்து, இரண்டு வரிகளை அடித்துவிட்டு, "மற்றது இருக்கட்டும்" என்றாள். அந்த இரண்டு வரிகள் எங்களோடு இருக்கும்.

ஓய்வு பெற எனக்கு இன்னும் சில ஆண்டுகள் உள்ளன. அதன்பின் எங்கே குடியிருந்தாலும், அந்த வீட்டு முற்றத்தில் ஒரு மாங்கன்று நடுவோம் என்று தீர்மானித்திருக்கிறோம். குழி தோண்டுவது என் வேலை. காய்க்கும்வரை அங்கேயே இருப்பது இருவர் வேலை.

கர்த்தருடைய சமாதானம் உங்கள் குடும்பங்களில் தங்குவதாக.

உங்கள் ஊழியன்,
போதகர்